கெண்டைக்காலோடு நின்ற ஜன்னி

திருத்தணியில் மலைக்குப் போகிற பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாட்ஜ் இருக்கிறது. அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதும் அவர்கள் கிளம்பும்போது திரும்ப வாங்கி மாட்டுவதும் என் வேலை. என் பெயர் சுலோச்சனா. லாட்ஜுக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். நாள் முழுவதும் யாரிடமாவது பேசிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் பேசியவர்கள் மறுநாள் ரயிலேறிப் போய்விடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் உடம்பில் ஏதோ சரியில்லை என்று நமக்கு முன்னால் கண்டுபிடிப்பது கூட இருக்கிறவர்கள்தான். எனக்கு அப்படி யாரும் இல்லாததால் நோய் கொஞ்ச நாள் யார் கண்ணிலும் படாமல் என்னோடு குடியிருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மழை வருகிற மாதிரி காற்று அடித்தது. லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில்தான் படுக்கை விரிப்புகளைக் காயப்போடுவோம். அறைகளைச் சுத்தம் செய்யும் ஹசீனா மேல்மாடியில் இருந்தாள். நானே ஓடிப்போய் விரிப்புகளை உருவினேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டுகிற இடமும் அதுதான். வேலிகாத்தான் செடியை வெட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு முள் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது உள்ளங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது.

படியில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குழாயில் காலை நனைத்துவிட்டு, சூடு பண்ணிய தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். ஓரிரு நாள் வலித்தது. பிறகு மேலே தோல் மூடிக்கொண்டது. நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் படுக்கையை விட்டு எழும்போது வலது கெண்டைக்கால் இறுகியிருந்தது. ரொம்ப நேரம் நின்றதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது இன்னும் இறுகியது. அடுத்தடுத்த நாட்களில் குதிகால் தரையில் படாமல் போனது. கால்விரல்கள் தாமாகவே கீழ்நோக்கி வளைந்தன. கெண்டைச் சதையை அழுத்திப் பார்த்தால் சதை மாதிரியே இல்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது.

முதலில் போன கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார்கள். இரண்டு இடத்திலும் முள் குத்தியதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆறிப்போன காயத்துக்கும் மேலே இறுகுகிற சதைக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்றுதான் யாருமே நினைப்போம்.

ஒரு நாள் ஹசீனா மாடிப்படியில் இரும்பு வாளியைத் தவறவிட்டாள். அது உருண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு என் கெண்டைக்கால் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோலச் சுருட்டிக்கொண்டது. மேசையைப் பிடித்தபடி வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஹசீனா ஓடிவந்தாள்.

"இன்னா யக்கா, நாலு நாளா பாத்துகினுதான் இருக்கேன், ஒத்தக் கால்ல நிக்கறே. சத்தத்துக்கு எங்கனா கால் வலிக்குமா? எழுந்திரு, தர்மாஸ்பத்திரிக்குப் போலாம்."

"முதலாளி கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ ஆட்டோல ஏறு."

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். இளம் வயது. கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைத் திருப்பினார். மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"இங்க என்ன குத்துச்சு?"

"முள்ளு, டாக்டர். அது ஆறிப்போச்சி."

"எப்போ?"

சொன்னேன். டிடி ஊசி போட்டுக்கொண்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு மரக் குச்சியை எடுத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னார். குச்சியால் தொண்டையின் பின்பக்கத்தைத் தொட்டதும் எனக்குக் குமட்டியது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"குமட்டுச்சுல்ல? நல்லது. நோய் தாடைக்குப் போயிருந்தா குமட்டாது. குச்சியக் கடிச்சிடுவீங்க."

"இன்னா நோய், டாக்டர்?"

"டெட்டனஸ். ரண ஜன்னின்னு சொல்வாங்களே."

அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. நான் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம். கரும்பு வெட்டும்போது கால் அறுபட்ட ஒருவர் ரண ஜன்னி வந்து, உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போனதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பக்கம் போகவே எங்களை விடமாட்டார்கள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் தூங்கிக்கொண்டிருக்குமாம். காற்றுப் படாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். துருப்பிடித்த இரும்பால்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். துரு காரணமில்லை, மண் ஒட்டிய முள்ளும் போதும் என்றார். கிருமி காயத்தை விட்டு நகராது. அது விடுகிற விஷம்தான் நரம்பு வழியாக ஏறும். சதைக்கு நரம்பு சொல்வது இரண்டே சொல்: இறுகு, தளர். இந்த விஷம் 'தளர்' என்ற சொல்லை மட்டும் சதைக்குப் போய்ச் சேராமல் அடைத்துவிடும்.

"சில பேருக்கு மட்டும் காயம் பட்ட எடத்தோட நின்னுடும். உங்களுக்கு இப்போதைக்கு அப்படித்தான் இருக்கு. ஆனா மேல ஏறவே ஏறாதுன்னு நான் சொல்ல முடியாது. அதனாலதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்."

"ரத்தத்துல பாத்தா தெரியாதா?"

"இதுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாதும்மா. கண்ணால பாத்து, கையால தொட்டுத்தான் சொல்றோம்."

ஆம்புலன்சில் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். ஹசீனா உடன் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "கூட யாரு இருக்காங்க?" என்பதுதான். "நான் இருக்கேன்" என்றாள் ஹசீனா. "நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே எடத்துல வேலை" என்றாள்.

அன்றே தொடையில் ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி போட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்று சிஸ்டர் சொன்னார். தொடையில் போட்டது இரவல் சரக்கு. யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தி, உடனே விஷத்தைப் பிடிப்பதற்கு. தோளில் போட்டது தடுப்பூசி, என் உடம்பு தானே கற்றுக்கொள்வதற்கு. பிறகு உள்ளங்காலை மரத்துப்போகச் செய்து காயத்தைத் திறந்தார்கள். உள்ளே முள்ளின் நுனி உடைந்து கிடந்தது. சீரகத்தில் பாதிகூட இல்லை. கிண்ணத்தில் போட்டு என்னிடம் காட்டினார்கள்.

வார்டின் கடைசியில் தனியாக ஒரு சின்ன அறை. என்னை அங்கேதான் படுக்கவைத்தார்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் சதை இன்னும் இழுக்கும் என்பதால் ஜன்னலுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தது. பகலிலேயே அறை இருட்டாக இருக்கும். சிஸ்டர்கள் கதவை ஓசையில்லாமல் சாத்துவார்கள். கையில் டிரிப்ஸ் ஏறும். சதை தளர மாத்திரை கொடுத்தார்கள். அது என்னை எப்போதும் அரைத் தூக்கத்தில் வைத்திருந்தது. யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, காலைத் தொடக் கூடாது.

ஹசீனாவால் நெடுநாள் இருக்க முடியவில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடி எடுத்து வருகிற கூட்டத்துக்கு லாட்ஜில் எல்லா அறையும் போய்விடும். முதலாளி போன் மேல் போன் போட்டார். கிளம்பும்போது அவள் என் தலைமாட்டில் ஒரு பாட்டில் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்தாள்.

"கோச்சிக்காத யக்கா. கூட்டம் முடிஞ்சதும் வந்துடறேன்."

"போ. எனக்கு இன்னா, படுத்துகினு இருக்கறதுதானே."

அவள் போனபின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அரக்கோணத்தில் என் அண்ணன் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். செய்தி தெரிந்ததும் மின்சார ரயிலேறி வந்தார். அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஒட்டிக்குமா?" என்று சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வராதுங்க. உள்ள போங்க" என்றார் சிஸ்டர்.

அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தனுப்பியிருந்தார். தாடை இறுகிவிட்டால் விழுங்கச் சிரமமாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். டப்பாவின் மூடி சத்தம் போடக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அண்ணிக்கும் எனக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பயந்துபோய் உடனே வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். அது அழுகைதான், நோயில்லை.

அண்ணன் முடிந்த நாட்களில் வந்தார். வந்தால் ஒரு மணி நேரம் இருப்பார். அதிகம் பேசத் தெரியாதவர். இங்கே பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும்.

மற்ற நேரமெல்லாம் நான்தான். எனக்குப் பயம் தாடையைப் பற்றித்தான். கண் விழித்தால் முதல் வேலையாக மூன்று விரலைச் சேர்த்துப் பல்லிடையே வைத்துப் பார்ப்பேன். விரல் உள்ளே போனால் வாய் திறக்கிறது என்று அர்த்தம். நாக்கு புரளுகிறதா என்று தெரிந்துகொள்ள ஏதாவது பேசிப் பார்ப்பேன். யாரிடம் பேசுவது? லாட்ஜ் அறை எண்களை வாய்க்குள்ளேயே வரிசையாகச் சொல்வேன். நூற்று ஒன்று, நூற்று இரண்டு என்று ஆரம்பித்து மேல்மாடி வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். ஒரு தடவை மருந்து கொடுக்க வந்த சிஸ்டர், "யார்கிட்டம்மா பேசறீங்க?" என்று கேட்டார். "சாமி பேரு" என்றேன்.

ஒரு நாள் பெரிய டாக்டர் வந்து காலைப் பார்த்தார். தொடையைத் தொட்டார், வயிற்றை அழுத்தினார், கழுத்தை மடக்கச் சொன்னார். முழங்காலுக்கு மேல் எங்கும் இறுக்கம் இல்லை.

"உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை?"

"இல்லைங்க."

"கர்ப்பமே ஆகலியா?"

"ஆச்சிங்க. தங்கல. எட்டாம் மாசம் வயித்துலயே போயிடுச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அப்போ டிடி ஊசி போட்டாங்களா? கர்ப்பிணிங்களுக்கு ரெண்டு ஊசி போடுவாங்களே."

"ஞாபகம் இல்லைங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆகுது."

"போட்டிருந்தா அதோட சத்து இப்போ ரொம்பக் கொறஞ்சிருக்கும். ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். நோய் காலோட நின்னதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உறுதியா சொல்லல, இருக்கலாம். எப்படி இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், நீங்க கவலைப்படாதீங்க."

அவர் போய்விட்டார். எனக்கு அந்த 'இருக்கலாம்' போகவில்லை.

அது பெண் குழந்தை. சத்தமே இல்லாமல் பிறந்தாள். துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். எனக்கு முகத்தைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு என் கணவரும் நானும் ஒரே வீட்டில் கொஞ்ச காலம் இருந்தோம். பிறகு அவர் வேலைக்கென்று ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்குப் போனார். அங்கேயே தறி வேலை, அங்கேயே வேறு குடும்பம். சண்டை எதுவும் போடவில்லை. வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. அந்த மாதங்களில் நடந்த எதுவும் என் நினைவில் ஒழுங்காக இல்லை. நானே அதையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டேன். ஊசி போட்டார்களா என்று கேட்பதற்கு, அப்போது என்னோடு இருந்தவர் ஒருவர்தான் மிச்சம்.

என் அப்பா காலமானபோது விசாரிக்க அவர் பேசிய எண் போனில் இருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அழைத்தேன். ஒரு பெண் பிள்ளை எடுத்தது. "ஹலோ" என்றது. நான் அவர் பெயரைச் சொன்னேன். போனை வாயிலிருந்து எடுக்காமலே கூப்பிட்டது.

"நைனா, உனக்குத்தான்."

பின்னால் தறி ஓடுகிற சத்தம். அந்தச் சத்தம் போன் வழியாக வந்தே என் கெண்டைக்காலை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு தாடை அப்படியே பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, வாயைத் திறந்துகொண்டேன். அவர் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"யாரு?"

"சுலோச்சனா பேசறேன்."

"சொல்லு" என்றார்.

"ஒண்ணு கேக்கணும். நான் முழுகாம இருந்தப்போ டிடி ஊசி போட்டாங்களா?"

"இன்னாத்துக்கு இப்போ அது?"

எங்கே படுத்திருக்கிறேன், என்ன நோய் என்று சொன்னேன். டாக்டர் கேட்டதையும் சொன்னேன்.

"போட்டாங்க" என்றார். "ரெண்டு போட்டாங்க. நாந்தான் சைக்கிள்ல உக்கார வெச்சி இட்டுகினு போனேன். ரெண்டாவது போட்ட அன்னிக்கி உனுக்கு கை தூக்க முடியல. நாந்தான் சோறு வடிச்சேன். கொழஞ்சி போச்சி. நீ ஒண்ணும் சொல்லாம துன்னே."

எனக்கு அது துளியும் நினைவில்லை. குழைந்த சோறும் இல்லை, சைக்கிளும் இல்லை. இத்தனை வருடமாக அவர் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. இருவரும் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியைப் பற்றித்தான் பேசினோம்.

"நீ போட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைக்கு எதுக்கு?"

"மண்ணுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? தறியில கை கிழிச்சிக்கிறே. செருப்பில்லாம நடக்கறே. போயி போட்டுக்கோ. பத்து வருஷத்துக்கு ஒரு தடவ போடணுமாம். உன் பொண்ணுக்கும் விட்டுப்போச்சான்னு பாரு."

"ஆங்" என்றார். பிறகு, "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"இருக்காங்க" என்றேன்.

வைத்துவிட்டேன். அன்று தாடையைச் சோதித்துப் பார்க்க மறந்துபோனேன். அழுதேன் என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து தானாக வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட யாரும் இல்லாததால் காதில் ஈரத்தோடு தூங்கிவிட்டேன். எனக்கு ஒரு குழந்தை இருந்தது என்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவளுக்காகப் போட்ட ஊசி என் ரத்தத்தில் எங்கேயோ ஒரு துளி நின்றிருக்கலாம். டாக்டர் சொன்னதுபோல, இருக்கலாம்.

நோய் மேலே ஏறவில்லை. கால் மெல்ல மெல்லத் தளர்ந்தது. விரல்கள் நிமிர்ந்தன. குதிகால் முதன்முதலாகத் தரையில் பட்ட அன்று பக்கத்து வார்டு வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஜன்னல் துணியை அவிழ்த்துவிட்டார்கள். வெளியே ஒரு வேப்பமரமும் வரிசையாக ஆட்டோக்களும் இருந்தன. இத்தனை நாளும் அவை அங்கேயே இருந்திருக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மை மாதிரி ஒரு தடவை வந்தால் போதும், இனி வராது என்று நினைக்கக் கூடாது. இந்த நோய் வந்து போனாலும் உடம்பு அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. ஆளைக் கொல்கிற அளவு விஷமே, உடம்பு அடையாளம் கண்டுகொள்ள முடியாத அளவுக்குக் கொஞ்சம்தான். தடுப்பூசி ஒன்றுதான் கற்றுக்கொடுக்கும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதம் கழித்து மூன்றாவது.

லாட்ஜுக்குத் திரும்பினேன். கொஞ்ச நாள் நொண்டினேன். கிருத்திகைக் கூட்டம் முடிந்திருந்தது. இப்போதும் வெறுங்காலோடு மலையேறி இறங்குகிறவர்கள் கால் கிழிந்து வந்து மேசைக்கு முன்னால் நிற்பார்கள். முன்பெல்லாம் ஒரு பிளாஸ்திரி கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்கிறேன். கடைசியாக டிடி எப்போது போட்டீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலான ஆண்கள் சிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். சிலர் போகிறார்கள். சிலர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். ஹசீனாவையும் அவள் கணவனையும் மட்டும் விடாமல் அரித்து அனுப்பிவைத்தேன். நகரியிலிருந்து போன் எதுவும் வரவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டாவது ஊசிக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடும் அறையில்தான் எனக்கும் போடுவார்கள். பெஞ்சு முழுக்க வயிற்றைத் தாங்கிக்கொண்டு சின்னப் பெண்கள். கூடவே அம்மாக்கள், மாமியார்கள். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"எத்தனாவது?"

"ரெண்டாவது" என்றேன்.

புடவை முந்தானையைத் தோளிலிருந்து விலக்கினேன். அவர் நிமிர்ந்து என் முகத்தையும் வயிற்றையும் பார்த்தார். ஊசியைப் போட்டுவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்கம்மா."

பெஞ்சில் இடமில்லை. ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளை இடித்து நகரச் சொன்னாள். அந்த இடைவெளியில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அவர்கள் வயிறுகள் என் கைகளில் பட்டுக்கொண்டிருந்தன. உட்காரச் சொன்ன நேரம் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.